குடுவையில் குடியேறியவள்

அக்கா ஃபோனை எடுத்ததும் தங்கை சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது. "எப்படிடி இருக்கான் என் குடித்தனக்காரன்?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

குடித்தனக்காரன் என்பது அக்காவின் புற்றுநோய்க் கட்டி. சொல்லாமல் கொள்ளாமல் வயிற்றுக்குள் குடிவந்து, வாடகையும் தராமல், இருக்கிற அறையையெல்லாம் அடைத்துக்கொண்டவன். அறுவை சிகிச்சையில் முக்கால்வாசியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஈரலைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தது. எடுத்ததிலிருந்து பட்டாணி அளவுத் துண்டு ஒன்று, அதே மருத்துவமனையின் பின்கட்டில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. அங்கேதான் தங்கை உயிர்மருத்துவ அறிவியல் படிக்கிறாள். அக்கா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாலு என்றுதான் கூப்பிடுவாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

ஆய்வுக்கூடத்தில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டி உண்டு, இன்குபேட்டர் என்பார்கள். அதன் நடுத் தட்டில் உள்ளங்கை அளவுக் குடுவைகள் எட்டு, எட்டு நோயாளிகளுடையவை. பெயர் எழுதக்கூடாது, எண்தான். நாலாம் எண் யாருடையது என்று மட்டும் வாலுவுக்குத் தெரியும்.

கட்டியைச் சின்னச் சின்னதாக வெட்டி, அதன் செல்களைக் குடுவையின் தரையில் ஒட்டவிட்டு, மேலே இளஞ்சிவப்பான வளர்ப்புத் திரவத்தை ஊற்றி வைப்பார்கள். செல்கள் தின்று பெருகினால் அவற்றின் கழிவு சேர்ந்து சிவப்பு மஞ்சளாகும். மஞ்சளானால் உள்ளே நல்ல பசி என்று அர்த்தம். நாலாம் குடுவை வாரக்கணக்கில் சிவப்பாகவே கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக அக்காவின் செல்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாகவும் இல்லை, பெருகவும் இல்லை.

"கொழுப்பு," என்றாள் அக்கா ஃபோனில். "என்கிட்ட இருந்தப்ப மூணு வேளையும் தின்னான். உன்கிட்ட வந்து பட்டினி கிடக்கிறானா?"

பிறகு ஒரு நாள் காலை வாலு பெட்டியைத் திறந்தபோது நாலாம் குடுவை மஞ்சளாக இருந்தது.

பிள்ளைகளே, இந்தக் கதையில் கெட்ட சேதி வந்து சேர்ந்தது அந்தக் காலையில்தான். ஆனால் அங்கே எல்லோரும் கை தட்டினார்கள். பேராசிரியை தன் அறையிலிருந்து எழுந்து வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். "கடைசியில கண்ணு முழிச்சிட்டாங்க," என்றார். அவசரம் அண்ணன் வாலுவின் முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

அவசரம் அண்ணன் அங்கே மூத்த ஆராய்ச்சி மாணவன். நடக்கும்போதே கையுறை போடுகிறவன், மென்று முடிப்பதற்குள் எழுந்துவிடுகிறவன். அதனால் அந்தப் பெயர். மனசு மட்டும் தங்கம். அவன் பொறுப்பில் இருந்தது கீழ்த் தட்டு. அங்கே இருந்தவள் பெருந்தீனி.

எப்போதோ, எங்கோ இறந்துபோன ஒருத்தியின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அவை. அவள் போய்விட்டாள், செல்கள் நிற்கவில்லை. எந்தக் குடுவையில் போட்டாலும் ஒரே நாளில் இரண்டு மடங்காகும். எந்த மருந்தைச் சோதித்தாலும் பக்கத்தில் பெருந்தீனியையும் வைத்துச் சோதிப்பார்கள். அவள்மேல் எந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்பது முன்பே தெரியும். எண்கள் அதேபோல் வந்தால் இன்றைய சோதனையும் சரியாக நடந்தது என்று நம்பலாம்.

நாலாம் குடுவை விழித்த பிறகு வாலு அதைச் சோதித்தாள். செல்களைப் பிரித்துப் போட்ட தட்டில், ஒவ்வொரு மருந்தளவுக்கும் மூன்று குழிகளில் பழைய மருந்து, மூன்றில் புதிய மருந்து, மூன்றில் வெறும் திரவம். பழைய மருந்துக்கு அந்தச் செல்கள் அசையவே இல்லை. புதிய மருந்தில் கொத்துக்கொத்தாகச் செத்து மிதந்தன. கணக்குப் போட்டதில் பி-மதிப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே வந்தது.

அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மருந்துக்கும் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசம் சும்மா தற்செயலாக வந்து நிற்பது எவ்வளவு அபூர்வம், அதைத்தான் அந்த எண் சொல்லும். சின்ன எண் என்றால் தற்செயல் இல்லை என்று துணிந்து பேசலாம். அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. நீ யாரைக் கேட்டாய் என்று அது கேட்காது. மூன்று குழியும் ஒரே குடுவையிலிருந்து வந்தவை, ஒரே ஆளிடம் மூன்று முறை கேட்ட கேள்வி. இதெல்லாம் வாலுவுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறாள். ஆனாலும் அன்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"செத்துட்டானா?" என்றாள் அக்கா.

"புது மருந்துல. சுத்தமா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "இருடி, ஒரு ஆள் கண்ணாடியைப் போட்டுட்டு நிக்கிறாரு, நான் அழுதா பவர் தப்பாயிடுச்சுன்னு நினைப்பாரு," என்று வைத்துவிட்டாள். அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. உடம்பு இந்த நிலைக்கு வந்த பிறகும் பாதி நாள் கடையில்தான் இருந்தாள்.

டாக்டர் அவசரப்படவில்லை. அக்காவையும் வாலுவையும் எதிரே உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். பழைய மருந்து பலருக்குக் கொடுத்துப் பார்த்தது. பத்துப் பேரில் ஆறு பேருக்குக் கட்டி சுருங்குகிறது. புதியது பத்தில் மூன்று பேருக்குத்தான் கேட்கிறது, ஆனால் கேட்டால் நன்றாகவே கேட்கிறது. "ரெண்டையும் சேர்த்துத் தர முடியாது. ஒண்ணைத் தொடங்கிட்டா மத்ததுக்கு மாறுறதுக்கு முன்னாடி உடம்பைத் தேத்தணும். வாரக்கணக்காகும். அதுவரைக்கும் உள்ள இருக்கறது நமக்காகக் காத்திருக்காது. அதனால முதல் அடி சரியா விழணும்."

"அந்த மூணு பேர்ல நான் இருக்கேன், டாக்டர்," என்றாள் அக்கா. "எங்க வாலு பாத்துட்டா. என் ஆளை நேர்லயே விசாரிச்சுட்டா."

பேராசிரியையும் சோதனை முடிவை எழுதி அனுப்பியிருந்தார். புதிய மருந்து என்று முடிவானது. அடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில் மருந்தின் முதல் பையை ஏற்றுவதாகத் தேதி குறித்தார்கள்.

டாக்டர் கோப்பில் வைக்க ஒரு படம் கேட்டார். வாலு கணினியில் உட்கார்ந்தாள். மருந்தின் அளவு கூடக்கூட எத்தனை செல்கள் பிழைத்தன என்று ஒரு கோடு, அக்காவுக்குச் சிவப்பு. அதே நாளில் சோதித்த பெருந்தீனிக்கு நீலம். வரைந்து முடித்தபோது திரையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது.

நீலத்தை மறந்துவிட்டோம் போல என்று நினைத்தாள். இல்லை, இருந்தது. சிவப்பை அழித்தால் அதன் அடியில் நீலம் படுத்திருந்தது, மேலிருந்து கீழ்வரை, வளைவுக்கு வளைவு. ஒரே எண்களை இரண்டு முறை ஒட்டிவிட்டோமோ என்று மூலக் கணக்கைத் திறந்தாள். எண்கள் வேறுவேறுதான். ஆனால் அந்த வேறுபாடு ஒரே பாத்திரத்துத் தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றி அளந்தால் வருமே, அவ்வளவுதான். இரண்டு மனுஷிகளுக்கு இடையே இருக்கவேண்டிய வேறுபாடு அது இல்லை. கூடப் பிறந்த இருவருக்கே ஒரு காய்ச்சல் மாத்திரை ஒரே மாதிரி கேட்பதில்லை.

அவள் எழுந்து போய் இன்குபேட்டரைத் திறந்தாள். நாலாம் குடுவையை நுண்ணோக்கியில் வைத்தாள். அடர்த்தியாக, ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு, கூழாங்கல் பாவியதுபோல் செல்கள். பிறகு கீழ்த் தட்டிலிருந்து பெருந்தீனியை எடுத்து வைத்தாள். அதே கூழாங்கல் தரை. முன்பு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவை நீளநீளமாக, நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

கண்ணால் பார்த்து முடிவு சொல்லக்கூடாது, செல்கள் உருவம் மாறக்கூடியவை. தப்பாகச் சந்தேகப்பட்டு மருந்தை நிறுத்திவிட்டால்? அக்காவைக் காப்பாற்றப் போகும் மருந்தைத் தன் வாயாலேயே தட்டிவிட்டதாகும். சந்தேகம் சரியாக இருந்து, சும்மா இருந்துவிட்டாலோ? அந்த இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டுதான் அவள் அக்காவின் வீட்டுக்கு ஒரு பஞ்சுக்குச்சியோடு போனாள்.

"வாயைத் தொற."

"இப்ப எதுக்குடி? ரத்தம் எடுத்தாங்க, சதை எடுத்தாங்க, இன்னும் எச்சில்தான் பாக்கியா? கொசுவாவது வயிறு ரொம்புனா போயிடும்."

"சும்மா ஒரு சம்பிரதாயம்க்கா."

அக்கா வாயைத் திறந்தாள். கன்னத்தின் உள்பக்கத்தில் குச்சியைத் தேய்க்கும்போது இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில். பல வருஷமாகப் பிறர் கண்களை அருகில் வைத்துப் பார்த்துப் பழகியவள் அக்கா. குச்சி வெளியே வந்ததும் சொன்னாள்: "உன் கண்ணு சரியில்லை வாலு."

"தூக்கமில்ல."

"ம்," என்றாள் அக்கா.

ஒருவருடைய செல்தானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நம் எல்லோர் டி.என்.ஏ-விலும் சில இடங்களில் ஒரு சின்னச் சொல் திக்கித்திக்கித் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு ஒன்பது முறை, இன்னொருவருக்குப் பதினாலு. ஒவ்வொரு இடத்திலும் அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. அந்த இடங்களை மட்டும் கோடிக்கணக்கான பிரதிகளாகப் பெருக்கி இயந்திரத்தில் ஓடவிட்டால், தாளில் கூர்கூராக முகடுகள் எழும். ஓர் இடத்தில் இரண்டு பேருக்கு ஒத்துப்போவது சகஜம். பதினைந்து இடத்திலும் ஒத்துப்போனால் அது அதே ஆள், இல்லையென்றால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டை.

வாலு எதையும் விடவில்லை. அக்காவின் கன்னம், நாலாம் குடுவை, பெருந்தீனி, தன் கையிலிருந்து ஏதாவது விழுந்திருக்குமோ என்று தன்னுடையதும். எதுவும் கலக்காத வெறும் தண்ணீர் ஒரு குழாய். செல்களை ஒவ்வொரு முறை புதுக் குடுவைக்கு மாற்றும்போதும் கொஞ்சத்தை உறையவைப்பது அங்கே வழக்கம், அந்தப் பழைய குப்பிகளிலிருந்தும் ஒவ்வொரு துளி. இயந்திரம் வேறு துறையில் இருந்தது, வரிசையில் நின்றாகவேண்டும். முடிவு திங்கட்கிழமை காலைதான் கிடைக்கும் என்றார்கள்.

பேராசிரியையிடம் சொன்னாள். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு கோடு ஒண்ணா வர்றது நடக்கக்கூடியதுதான்மா. முடிவு வரட்டும். அதுக்குள்ள ஒரு நோயாளியோட நம்பிக்கையைக் கலைக்க வேணாம்." இரக்கத்தோடுதான் சொன்னார். அவர் குரலில் இருந்த அந்த இரக்கம்தான் வாலுவுக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை தாள்கள் வந்தன. வாலு நின்றபடியே புரட்டினாள்.

வெறும் தண்ணீரில் முகடு ஒன்றுகூட இல்லை, சோதனை சுத்தம். அவளுடைய முகடுகளும் அக்காவின் முகடுகளும் பல இடங்களில் கைகோத்து நின்றன, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா. நாலாம் குடுவைத் தாளில் அக்கா இல்லை. பதினைந்து இடத்திலும் பெருந்தீனிதான் உட்கார்ந்திருந்தாள்.

உறையவைத்த குப்பிகளின் தாள்கள் கடைசியில் இருந்தன. முதல் குப்பியில் அக்காவின் முகடுகள் மட்டும், நெடுநெடுவென்று. அடுத்ததில் அவற்றின் காலடியில் முள்போல் இன்னொருத்தியின் முகடுகள் முளைத்திருந்தன. அதற்கடுத்ததில் இருவரும் தோளுக்குத் தோள். அதற்கடுத்ததில் அக்கா குட்டையாகிவிட்டாள். கடைசித் தாளில், அக்கா இருந்த இடத்தில் தட்டையான கோடு.

வாலு அந்தத் தாளை மட்டும் கவிழ்த்து வைத்தாள். பிறகு அக்காவுக்கு ஃபோன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. வார்டில் ஃபோனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நர்ஸ் மேசை எண்ணுக்குப் போட்டாள், அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, இரண்டு கட்டிடத்தையும் இணைக்கும் நீண்ட நடைபாதையில் ஓடினாள். எதிரே தள்ளுவண்டியில் யாரையோ உருட்டிக்கொண்டு வந்தவர்கள் திட்டினார்கள்.

அக்கா ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தாள். புறங்கையில் ஊசி இறங்கியிருந்தது. கம்பியில் இரண்டு பைகள் தொங்கின. ஒன்றிலிருந்து ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது. மற்றதன் குழாயை நர்ஸ் கையில் பிடித்திருந்தாள்.

"நிறுத்துங்க! எது போய்ட்டு இருக்கு?"

நர்ஸ் திரும்பினாள். "கத்தாதீங்கம்மா. இது வாந்திக்கு. மருந்து இனிமேதான்."

"போடாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க. தயவுசெஞ்சு."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். "சம்பிரதாயம் முடிஞ்சுதா?" என்றாள் மெதுவாக.

வாலு நாற்காலிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அது நீ இல்லக்கா. குடுவையில இருக்கறது உன்னோடது இல்ல. வேற ஒருத்தி. எப்பவோ செத்துப்போனவ. அவ உள்ள பூந்து உன்னோடதையெல்லாம் ஒதுக்கித் தள்ளிட்டா. நான் கொன்னது அவளைத்தான்."

"அப்ப என் ஆளு?"

"அவனை யாருமே எதுவும் கேக்கலை."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் வந்தார், தாள்களைப் பார்த்தார். வாலுவைத் திட்டுவதற்கு வாயெடுத்தவர் அக்கா அங்கே இருப்பதால் அடக்கிக்கொண்டார். புதிய மருந்துப் பையைக் கழற்றச் சொன்னார். பழைய மருந்தை நாளைக்கே தொடங்கலாம் என்றார். அவர் போன பிறகு அக்கா தங்கை பக்கம் திரும்பினாள்.

"பழைய மருந்து பத்துல ஆறு பேருக்குக் கேக்கும். அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"நான் அந்த ஆறா, நாலா?"

ஆறு என்பது நூற்றுக்கணக்கான பேரை வரிசையில் நிறுத்தி எண்ணியது. வரிசையில் இருந்து ஒரு ஆளை வெளியே இழுத்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்டால் அந்த எண்ணுக்கு வாய் கிடையாது.

"தெரியாதுக்கா."

"போன வாரம் தெரியும்னு சொன்ன."

அதில் கோபம் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. அக்கா ஊசி இல்லாத கையை நீட்டி, தங்கையின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "சரி விடு. தெரிஞ்ச பொய்யைவிடத் தெரியாத பத்துல ஆறு தேவலை. மூஞ்சியைக் கழுவு, பாக்கச் சகிக்கலை." பிறகு, ஏதோ நினைவு வந்தவள்போல் கேட்டாள்: "ஏன் வாலு, அவ எப்படி உள்ள வந்தா?"

அந்தக் கேள்வியோடுதான் வாலு மறுபடியும் அந்த நடைபாதையில் நடந்தாள். பாதித் தூரம் வருவதற்குள் விடை தெரிந்துவிட்டது.

வளர்ப்புத் திரவம் குளிர்பெட்டியில் இருக்கும். செல்களுக்கு ஊற்றுவதற்கு முன் வெதுவெதுப்பாக்கவேண்டும், அதற்கு அரை மணி ஆகும். ஒவ்வொரு குடுவைக்கும் தனிப் புட்டி என்பது விதி. அவசரம் அண்ணன் காலையில் முதல் ஆளாக வந்து பெருந்தீனிக்கு ஊற்றிவிட்டு, மிச்சமிருக்கும் புட்டியைச் சூட்டோடு எடுத்து வைப்பான். "தங்கச்சி, சூடா வச்சிருக்கேன், நீ காத்திருக்க வேணாம்," என்பான். அவளுக்கு அக்காவைப் பார்க்க ஓடவேண்டியிருந்த நாட்கள் அவை. நன்றி அண்ணா என்று எடுத்துக்கொள்வாள். பெருந்தீனியின் குடுவையைத் தொட்டுவிட்டுப் புட்டிக்குள் இரண்டாவது முறை இறங்கிய ஒரு பிப்பெட்டின், அதாவது உறிஞ்சுகுழாயின் முனை, அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு செல். அது போதும். மெதுவாகப் பெருகுகிறவளும் நாளுக்கு இரண்டு மடங்காகிறவளும் ஒரே அறையில் இருந்தால், கடைசியில் எவள் மிஞ்சுவாள் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம்.

அவசரம் அண்ணன் இன்குபேட்டர் முன்னால் நின்றிருந்தான். டாக்டர் ஃபோனில் சொன்னதைப் பேராசிரியை அவனிடம் சொல்லியிருப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் அவசரப்படாமல் நின்றான்.

"நான் உனக்கு உதவின்னு நினைச்சுதான்..."

"தெரியும் அண்ணா. நானும்தான் எடுத்துக்கிட்டேன்."

"உனக்கு மட்டும் வைக்கலை," என்றான். "அந்தப் புட்டி மேசையிலயேதான் இருக்கும். யாருக்கு வேணுமோ எடுத்துக்குவாங்க."

உறைபெட்டியில் முதல் குப்பியில் அக்கா மட்டும்தான் இருந்தாள் என்பது வாலுவின் நினைவுக்கு வந்தது. அதை உருக்கி, தனிப் புட்டியில், தனி மேசையில் மறுபடியும் தொடங்கவேண்டும். அவை எழவே போவதில்லை என்றாலும் தொடங்கவேண்டும். இந்த முறை குடுவை வாரக்கணக்கில் சிவப்பாகவே இருந்தால் அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள்.

அவள் இன்குபேட்டரின் கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. நடுத் தட்டில் நாலாம் எண் போக மற்ற ஏழு குடுவைகள். அவற்றில் சோதித்த முடிவை நம்பி மூன்று பேருக்கு மருந்து ஏற்கெனவே தொடங்கியாகிவிட்டது. எல்லாம் நன்றாக வளர்கின்றன என்று போன வாரம் அவளே எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

ஏழும் மஞ்சளாக இருந்தன. எது எவருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி, ஒரே மஞ்சள்.

பின்னால், பேராசிரியையின் அறையில் ஃபோன் அடிக்கத் தொடங்கியது.